விரலில் மாட்டிய கிளிப்

மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அன்றே லப்பைக்குடிகாட்டிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நிமோனியா (கிருமி தொற்றி நுரையீரலில் சளி கட்டுவது) என்றார் டாக்டர்.

வலது ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். விரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது திரையில் எண்ணாகக் காட்டும். தொண்ணூறுக்கு மேலே நிற்க வேண்டுமாம். என்னுடையது நிற்கவே இல்லை. தொண்ணூற்று மூன்று காட்டும், சட்டென்று எழுபத்தெட்டுக்கு விழும், கத்தும்.

அது கத்தினால் எல்லோரும் ஓடிவந்து அதைத்தான் பார்ப்பார்கள். துபாயிலிருந்து போன் செய்த என் வீட்டுக்காரரும் எனக்குத் துணையாக இருந்த மகளிடம், “மெஷின் எவ்வளவு காட்டுது?” என்றுதான் கேட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சு முந்தின நாளைவிட லேசாகத்தான் இருந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துக்கொண்டு நான் சொன்னது யார் காதில் விழும்?

மூன்றாம் நாள் டாக்டர் மகளிடம், “சாயந்திரத்துக்குள்ள ஏறலன்னா திருச்சிக்கு அனுப்பிடலாம்மா. வென்டிலேட்டர் வைக்கணும்” என்றார். தொண்டையில் குழாய் விட்டு மூச்சு கொடுக்கும் கருவி அது. அப்படிக் குழாயோடு போன என் நாத்தனார் திரும்பி வரவில்லை.

நான் என்ன செய்வேன்? வந்த நாளிலிருந்தே திக்ரு (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதுவது) ஓதிக்கொண்டிருந்தேன். போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் வலது கை விரல்களை மடக்கி மடக்கி எண்ணினேன். மெஷின் கத்தக் கத்த, பயத்தில் இன்னும் வேகமாக எண்ணினேன்.

ஊசி போட நரம்பு தேடி வந்த நர்ஸ் துப்பட்டியை விலக்கினாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“திக்ரு ஓதுறேம்மா.”

“அய்யய்யோ, வெரல ஆட்டாதீங்க! ஆட்டுனா நாடி எது, அசைவு எதுன்னு மெஷினுக்குத் தெரியாதும்மா.”

கிளிப்பைக் கழற்றி இடது கால் விரலில் மாட்டினாள். தொண்ணூற்று நான்கு காட்டியது. அப்படியே நின்றது.

மூன்று நாள்! என் பயத்தையெல்லாம் நோய்க் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இதே கிளிப்போடு படுத்திருப்பவர்களே, கை நடுங்கினாலும், சொறிந்தாலும், ஓதினாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

டாக்டர் வந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். திருச்சி வேண்டாம் என்றார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, “இப்ப மூச்சு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. என் கண் திரைக்குப் போய்விட்டது.