சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்

போன சனிக்கிழமை ரஞ்சன்காவிலிருந்து சிஞ்ச்வட்டில் இருக்கும் எங்கள் வீடுவரை வெறுங்காலோடு வந்தேன். காரில்தான்... இருந்தாலும் வெறுங்கால் வெறுங்கால்தானே?

கதவைத் திறந்த மனைவி என் காலைப் பார்த்தாள். பிறகு நனைந்த சட்டையை. "செருப்பு எங்கே?"

"அபாயக் கழிவுல சேர்த்துட்டாங்க" என்றேன்.

சொல்கிறேன்.

என் மகள் யாழினி ரஞ்சன்காவில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ரசாயனம் கொட்டினால் எல்லோரும் வெளியே ஓடுவார்கள் இல்லையா? அப்போது உள்ளே போகிற குழு ஒன்று உண்டு. அதில் சேர அவளுக்கு ஆசை. ஐந்து நாள் பயிற்சி. கொட்டியதை மணல் போட்டுத் தடுப்பது, நனைந்த மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டுவது, உடுப்பை ஒழுங்காகக் கழற்றுவது — எல்லாம். கூடவே ஒரு படிவம். வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் குழுவில் இடம்.

நான் போடவில்லை. ஐந்து நாளும் அது ஃப்ரிட்ஜ் கதவில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை வந்து பாருப்பா. அப்புறம் டிசைட் பண்ணு" என்றாள். கடைசி நாள் ஒத்திகைக்குக் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

போனேன். முற்றத்தில் ஒரு டிரம் கவிழ்ந்து கிடந்தது. பச்சைச் சாயம் கலந்த தண்ணீர்தான் என்று பயிற்சியாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். சுற்றிச் சிவப்புக் கயிறு. தள்ளி நாங்கள், வடாபாவும் டீயுமாக. வெள்ளை உடுப்பும் முதுகில் சிலிண்டருமாக யாழினியும் ஒரு பையனும் உள்ளே போனார்கள்.

திடீரென்று யாழினி விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

விழுவாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே! அந்தப் பையன் கையை உயர்த்திச் சைகை காட்டிக்கொண்டு நிற்கிறான். கயிற்றுக்கு வெளியே உடுப்பு மாட்டிய இன்னும் இரண்டு பேர் ஒருவர் ஜிப்பை ஒருவர் சரிபார்க்கிறார்கள். ஜிப்பை!

ஓடினேன்.

என் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர். நாங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். நேரம் தவறி போங்கா — ஆலைச் சங்கை இங்கே அப்படித்தான் சொல்வோம் — ஊதினால், அடுப்பை அணைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக ஆலைக் கேட்டுக்கு ஓடுவோம். அங்கே போய் என்ன செய்யப்போகிறோம்? யாரும் கேட்டதில்லை. ஓடாதவர்களைத்தான் மற்றவர்கள் குறை சொல்வார்கள்.

"காகா, தாம்பா! தாம்பா!" — பெரியவரே, நில்லுங்கள் என்று பயிற்சியாளர் மராத்தியில் கத்தியது காதில் விழுந்தது. கால் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி, பச்சைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் குனிந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

முகமூடிக்குள் ஒரு கண் திறந்தது. "அப்பா... நான் நடிக்கிறேன்பா."

விசில். "இப்போது பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர்" என்று பயிற்சியாளர் எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் அறிவித்தார்.

சிவப்புக் கயிற்றுக்குள் போனவர் யாராக இருந்தாலும் கழுவித்தான் வெளியே விடுவார்களாம். மூன்று தொட்டி. நீளக் கைப்பிடி வைத்த பிரஷோடு, முதலில் கழுவி முடித்த என் மகளே நின்றாள். "கையத் தூக்கு. திரும்பு. இன்னொரு கால்." சின்ன வயதில் அவளைக் குளிப்பாட்டியபோது அவள் செய்த அடம் எதையும் நான் செய்யவில்லை. செருப்பும் பாட்டிலும் மஞ்சள் பைக்குள் போயின.

"செருப்பு புதுசும்மா..."

"இப்ப அது வேஸ்ட்ப்பா. சலோ, அடுத்த தொட்டி."

காரில் வரும்போது யாழினி கேட்டாள். "ரியலா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், மாலூம்? தெரியுமா?"

"உனக்கு ஏதாவது..."

"எனக்கில்ல. எனக்கு சிலிண்டர்ல காத்து இருக்கு. உன் கையில பிஸ்லேரிதானே இருந்துச்சு? எல்லாரும் என்னை விட்டுட்டு உன்னைத் தூக்கணும். ஜிப் பார்த்தாங்களே, அவங்க லேட் இல்லப்பா. அவங்கதான் ஃபாஸ்ட்."

இதை எழுதும்போதும் கால் துறுதுறுவென்றுதான் இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்று என்றால் ஓடு... அதைத்தானே அன்பு என்று கற்றோம்? நிற்பதற்கு யார் பயிற்சி தருகிறார்கள்? ஐந்து நாளில் வருமா அது?

பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் நேற்றுக் காலை படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் என் பெயரை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:

'தகவல் மட்டும் சொல்லவும். ஓடி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டாம்.'