பிள்ளை என்னிடம் சொன்னாள்

எங்கள் நாடாளுமன்றத்தில் தமிழ் அதிகம் ஒலிப்பதில்லை. ஓர் உறுப்பினர் ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு பத்தி தமிழில் பேசுவார். அந்த இரண்டு பத்திக்காக நான் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். தமிழ் தொடங்கியதும் என் மைக்கைத் திறந்து, அவர் சொல்வதைக் கூடவே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ‘உறுப்பினர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். யார் மேலும் பொறாமை இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கு இது சுலபமான விதி.

எனக்கு ஒருவர் மேல் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே விவாத அணி. நான் எழுதுவேன், அவள் பேசுவாள், கோப்பை அவள் கையில் இருக்கும். அன்று ‘அவள்’, இன்று ‘அவர்’. நாற்காலி மாறினால் தமிழில் விகுதியும் மாறிவிடுகிறது. போக்குவரத்துத் திட்டமிடல் படித்து, பல ஆண்டுகள் பாடம் நடத்தி, நியமன உறுப்பினராக அவைக்கு வந்தவர் அவர். நியமன உறுப்பினர் தேர்தலில் நின்றவர் இல்லை. அவருக்குத் தொகுதி கிடையாது. வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கவும் முடியாது. பேசலாம், அவ்வளவுதான். அந்த வாக்கில்லாத விஷயத்தை நான் வீட்டில் தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பேசினார். ரயில் தடத்துக்கு ஒரு கணக்கு, பேருந்துக்கு வேறு கணக்கு ஏன் என்று கேட்டார். பேருந்து நிறுத்தக் கூரையிலிருந்து மழை யார் தோளில் வடிகிறது என்று கேட்டார். அவர் வாயில் இன்றும் ழகரம் ளகரமாகத்தான் வருகிறது. இருந்தும் அவை நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை, மின்தூக்கி இல்லாத நடைமேம்பாலம் முழங்கால் வலி உள்ளவருக்குச் சுவர்தான் என்றார். அதற்கு நான் கொடுத்த ஆங்கில வாக்கியம் மறுநாள் எல்லார் தொலைபேசியிலும் ஓடியது, அவர் பெயரில்.

தேக்கா உணவங்காடியில் தோசைக்குக் காத்திருந்தபோது என் மகள் அந்த வாக்கியத்தைக் காட்டினாள். அது நான் போட்ட வாக்கியம் என்றேன்.

“அவங்க சொன்னததானே நீங்க சொன்னீங்க?” என்றாள் அவள். அன்றைய தோசை எனக்கு இறங்கவில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. ஒரே பிள்ளை. சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் ரயில் நிலையத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. ரயிலில் மயங்கி விழுந்தவளைப் பயணிகள் தூக்கிப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ரயிலில் எந்தக் கோளாறும் இல்லை, வழக்கமான காலைக் கூட்டம்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. “மூச்சு மூடிடுச்சுப்பா” என்றாள். மூச்சு அடைத்தது என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். அவள் ‘மூடிடுச்சு’ என்றாள். அதற்கு மேல் சொல்ல நான் விடவில்லை. காலையில் சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, எப்போதிலிருந்து, ஏன் முன்பே சொல்லவில்லை, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை, இது பதற்றம் என்றார். இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

அதன் பிறகு அவள் ரயிலேறவில்லை. சுவா சூ காங்கிலிருந்து புக்கித் தீமா சாலை வழியாகத் தேக்காவுக்குப் போகும் நெடுந்தூரப் பேருந்தில் கல்லூரிக்குப் போனாள். நான் அலுவலகத்திலிருந்து என் தொலைபேசித் திரையில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் நான் எது கேட்டாலும் “ஓகேப்பா” என்பாள். ஒருநாள் மட்டும் தானாக ஒன்று சொன்னாள்: “உங்க ஃப்ரெண்டும் அந்த பஸ்லதான் வர்றாங்க.” உறுப்பினர் தம் பேச்சுக்காகப் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பார்க்கிறாராம். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். என்னிடம் ‘ஓகே’, அங்கே ‘சும்மா’. அந்தச் சும்மாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பட்ஜெட் விவாதம் வந்தது. அதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓர் அமைச்சின் செலவைப் பற்றிப் பேச விரும்பும் உறுப்பினர், அதன் ஒதுக்கீட்டில் நூறு வெள்ளியை, அதாவது நூறு டாலரை, குறைக்கும்படி தீர்மானம் கொடுப்பார். யாரும் உண்மையில் குறைப்பதில்லை. பேசி, பதில் வாங்கியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். எங்களுக்குள் அதற்கு ‘வெட்டு’ என்று பெயர். தோழி போக்குவரத்தில் ஒரு வெட்டு கொடுத்திருந்தார். ரயில் தடத்தை ஒட்டி ஓடும் நெடுந்தூரப் பேருந்துகளைச் சுருக்கினால் பணம் மிச்சமாகும் என்ற வாதத்துக்கு அவர் பதில் சொல்லப்போகிறார். தமிழ்ப் பகுதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். நான் அதில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அவர் எழுந்தார். ஆங்கிலத்தில் கணக்குகளைச் சொன்னார். தமிழுக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டார். காலையில் பேருந்தில் போய்ப் பார்க்கிறேன் என்றார். பிறகு சொன்னார்: “பிள்ளை என்னிடம் சொன்னாள். ரயில் கதவு மூடினால் எனக்கு மூச்சு மூடிவிடுகிறது. பேருந்தில் மணி இருக்கிறது. நான் அதை அமுக்குவதே இல்லை. அமுக்கினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் போதும்.”

‘மூச்சு மூடி’ என்பது ஹெட்ஃபோனில் வருவதற்கு முன்பே என் வாய் ஓடத் தொடங்கியிருந்தது. தமிழில் ‘பிள்ளை’ என்றால் யார் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், தன் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ‘என் மகள்’ என்று சொல்லிவிட்டேன். ‘என் மகள் என்னிடம் சொன்னாள்’ என்று.

அடுத்த வாக்கியத்தில் அந்த ‘மூடி’ வந்ததும் அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த முடியாது. தோழி நிறுத்தி நிதானமாகப் பேசினார், நான் பின்னால் போனேன். கூட்டத்தில் தெரியாதவர்களின் முதுகு முகத்தில் அழுந்தும்போது என்ன ஆகும், ரயிலில் போன நாட்களில் எந்தெந்த நிலையத்தில் இறங்கி நின்று அடுத்த ரயிலுக்காக மூச்சைச் சேர்த்துக்கொள்வாள், கல்லூரிக்கு ஏன் தாமதமானது. எனக்குச் சொல்லப்படாத எல்லாவற்றையும் நான் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் உடையவில்லை. பழக்கம்தான்.

அமைச்சர் பதில் சொல்லும்போது உறுப்பினரின் மகள் விரைவில் தேற வேண்டும் என்று அன்பாகச் சொன்னார். அவையில் ஒரு முணுமுணுப்பு. அந்த உறுப்பினர் திருமணமே ஆகாதவர் என்பது பலருக்கும் தெரியும். தோழி விளக்கம் தர எழுந்து, அந்தப் பெண் தம் மகள் இல்லை என்றும், தம் தமிழ்தான் தெளிவாக இல்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அங்கே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. என் பிழையை அவர் தம் பிழையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேருந்துச் சேவையைக் குறைப்பதற்கு முன் பயணிகளிடம் மீண்டும் கேட்கப்படும் என்று பதில் வந்தது. அவர் நூறு வெள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இடைவேளையில் நடைபாதையில் என்னைப் பிடித்துவிட்டார்.

“கல்யாணம் கட்டாமலே ஒரு மக கெடச்சிட்டா. தேங்க்ஸ் லா.”

“அவ என் பொண்ணு” என்றேன்.

“தெரியும்ப்பா. நீ உள்ள இருப்பேன்னும் தெரியும். பேசட்டுமான்னு அவகிட்ட கேட்டேன். ‘அப்பா டியூட்டியா’ன்னு கேட்டா. ஆமான்னேன். ‘அப்படின்னா சொல்லுங்க ஆன்ட்டி’ன்னா.”

வேறு யாரோ உறுப்பினர் அவரைப் பாராட்ட வந்தார். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். என் மகள் எனக்கு ஒரு சேதி அனுப்பியிருக்கிறாள், அதுவும் இவர் வாய் வழியாக. யாரை முதலில் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று மனைவிக்குச் சாங்கி விமான நிலையத்தில் மாலை ஷிஃப்ட். நான் வீட்டுக்குப் போனபோது மகள் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். காதில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“முழுசா?”

“முழுசாத்தான். வேற வழி?”

அவள் மேசையை விரலால் தேய்த்தாள். “அங்கதான் நீங்க குறுக்க பேச முடியாது. அதான்.”

நான் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள். மயங்கி விழுந்தது முதல் தடவை இல்லையாம். அதற்கு முன்பும் இரண்டு தடவை. கல்லூரி ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறாளாம். அடுத்த தடவை ஆலோசகரின் அறை வாசல் வரைக்கும் என்னை வரச் சொன்னாள், உள்ளே வேண்டாமாம். எனக்குள் கேள்விகள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கை தூக்கிக்கொண்டு நின்றன. எந்த ஆலோசகர், என்ன மருந்து, பரீட்சை என்னாகும். எல்லாவற்றையும் உட்கார வைத்தேன். ஒன்று மட்டும் தப்பி வெளியே வந்துவிட்டது.

“இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “பாதி.”

“எந்தப் பாதி?”

“அப்பா.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் மிச்சத்தைச் சொன்னாள். முழுவதும் கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் இப்போதும் திருப்பிச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியம் வரும்போதும், இது அவர் ஏற்கனவே கேட்ட பாதியா, எனக்கு மட்டும் வந்த பாதியா என்று மனம் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. எது எந்தப் பாதி என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.