ரேடியோ அக்கா ஏற்பாடு செய்த வகுப்பு

எங்கள் தையல் கம்பெனியில் மேனேஜருக்கு எங்கள் பேச்சு புரியாது. எங்களுக்கு அவர் பேச்சு புரியாது. நடுவில் அக்கா. அவர் சொல்வது அக்கா வாய் வழியாகத்தான் எங்களுக்குக் கேட்கும், அதனால் ரேடியோ அக்கா. லீவு வேண்டுமானாலும் அக்கா, மெஷின் நின்றாலும் அக்கா. யாராவது மேனேஜரிடம் நேராகக் கையைக் காலை ஆட்டிப் பேசிவிட்டால், அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

தன் தம்பி பெண்டாட்டியை இஸ்திரி மேசையில் சேர்த்துவிட்டதும் அக்காதான். முதல் வாரமே மேனேஜர் அவள் தேய்த்த சட்டையைத் தூக்கிப் பார்த்து, இந்தக் கைக்குச் செக்கிங்கே வேண்டாம் என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷனுக்காக இத்தனை காலம் தொண்டை வறளப் பேசியவள் அவள். ஒருநாளாவது நன்றாகப் பேசினாய் என்று அவர் சொன்னதில்லை. ரேடியோவை யார் பாராட்டுவார்கள்?

“பார்த்துத் தேய்க்கச் சொல்றாரு” என்று தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டாள்.

மேனேஜர் அதன் பிறகும் அடிக்கடி அதையே சொல்வார். அக்காவும் மாறாமல் அதையே சொல்வாள். மூன்று வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பக்கத்தில் பட்டன் தைக்கும் எனக்கே தெரியாது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் எல்லோருக்கும் மேனேஜரின் மொழியில் வகுப்பு, குழு குழுவாக. ஏற்பாடு யார்? வேறு யார், அக்காதான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். எல்லோரும் பேசக் கற்றுவிட்டால் தனக்கு என்ன மரியாதை என்பது ஒரு கவலை. தம்பி பெண்டாட்டிக்கு அந்த ஒரு வாக்கியம் புரிந்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய கவலை.

நடக்கக் கூடாதென்றே ஏற்பாடு செய்தாள். ஷிப்ட் முடிந்து எல்லோரும் களைத்த நேரம். பாய்லரை ஒட்டின ஸ்டோர் ரூம், ஆடுகிற நாற்காலிகள். டீச்சர் சொல்வதில் பாதியை நீராவிச் சத்தம் விழுங்கிவிடும். தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் தனியாக, உனக்கு எதற்கு இதெல்லாம், நான்தான் இருக்கிறேனே என்று பாசமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் சிரித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

தப்பாகப் பேச அவளுக்கு வெட்கமே கிடையாது. அதனாலேயே எங்களையெல்லாம் முந்திவிட்டாள். டீச்சர் அவளைத் தட்டிக்கொடுக்கும்போது கதவருகே ஆள்கணக்கு எடுக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிடும்.

ஒருநாள் காலையில் மேனேஜர் சட்டையைத் தூக்கிப் பார்த்து வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி பெண்டாட்டி அவர் மொழியிலேயே நன்றி சொன்னாள். கை ஒன்றும் இல்லை, பெட்டிதான் நல்ல பெட்டி என்று வேடிக்கையும் சேர்த்தாள். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவிடம் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அவர் போனதும் தம்பி பெண்டாட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அக்கா, இது எனக்குக் கேட்டுப் பழகின சத்தம். மூணு வருஷமா இதையேதான் சொல்லிட்டிருக்காரு, இல்ல?”

அக்கா மேசையில் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

“வேலை போயிடுமோன்னு பயந்து பயந்து தேச்சேன்க்கா.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த சட்டையை விரித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிதறிக் கிடந்த பட்டன்களை விரலால் ஒதுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“அவ நன்றி சொன்னதக் கேட்டியா? எவ்வளவு சுத்தமா வருது. எனக்கே அப்படி வராது.”

வயிற்றெரிச்சலில்தான் சொன்னாள். ஆனாலும் தம்பி பெண்டாட்டியைப் பற்றி அக்கா வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை அது. அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நான் எழுந்து இஸ்திரி மேசைக்குப் போய் ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டு வந்தேன்.