மூணுதரம்

வோல்ட் மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் மேசையில் இருக்கும் நல்ல பேட்டரியில் வைக்கிறார். பன்னிரண்டு. தலையாட்டிக்கொள்கிறார். பிறகுதான் மின்சார காரிலிருந்து கழற்றி வந்த பழைய பேட்டரியில். பூஜ்யம். அத்தோடு விடுவாரா? திரும்பவும் மேசைக்கு வந்து, அதே நல்ல பேட்டரியில் வைத்துப் பார்க்கிறார். "செத்துப்போச்சுன்னு பேட்டரியா சொல்லுது? மீட்டர்தானே சொல்லுது!" என்பார். தொழிற்கூடத்தில் அவருக்குப் பெயரே மூணுதரம்தான்.

கட்டில் அகலத்துக்குப் பேட்டரிகள் வருகின்றன. மிச்ச மின்சாரத்தை முழுக்க இறக்கி, பிரித்து, உள்ளிருப்பதை அரைத்துக் கறுப்புத் தூளாக்கி அனுப்புகிறார்கள். அந்தத் தூளிலிருந்துதான் லித்தியமும் நிக்கலும் மறுபடி கிடைக்கின்றன. இவர் "சரி" என்ற பிறகே போல்ட்டில் ஸ்பானர் படவேண்டும்.

போல்ட் கழற்றுவது இவருடைய மனைவி. கை வேகம், வாய் அதைவிட வேகம். பூஜ்யம் என்று காதில் விழுந்ததுமே தடித்த ரப்பர் கையுறையைக் கழற்றிவிடுவார், போல்ட் வழுக்குகிறதாம். "வீட்டுலயும் இதே கூத்துதான். பூட்டின கதவை மூணு தரம் இழுத்துப் பாப்பாரு. ஒருநாள் கதவே கையோட வந்துடப்போகுது!" என்கிறார், கூட வேலை பார்க்கும் என்னிடம். மூணுதரம் சிரிக்கமாட்டார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அலுத்துப்போனது. அன்றைக்கு அது பதினோராவது பேட்டரி. மேசையில் பன்னிரண்டு, பேட்டரியில் பூஜ்யம். அந்த அம்மா கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஸ்பானரைப் போல்ட்டை நோக்கி நீட்டினார்.

"இரு."

"என்னங்க, அதான் ஜீரோன்னு காட்டுதே! இப்படியே பாத்துட்டிருந்தா விடிஞ்சிடும்."

"இருன்னா இரு."

மேசைக்கு வந்து நல்ல பேட்டரியில் முனைகளை வைத்தார். பூஜ்யம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போதுதானே பன்னிரண்டு காட்டியது? மீட்டரின் ஒயர் இடையில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கிறது. வேறு மீட்டர் கொண்டுவந்து பழைய பேட்டரியில் வைத்தார். முந்நூற்று நாற்பது வோல்ட். மின்சாரம் இறங்கவே இல்லை. தொட்டிருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். அந்த அம்மா ஸ்பானரோடு ஓரடி பின்வாங்கினார்.

மூணுதரம் திட்டவில்லை. ஸ்பானரை வாங்கித் தரையில் வைத்தார். மனைவியின் வெறுங்கையைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் அந்த அம்மா. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.