ஷிஹாம் சேர் கடல் பார்க்கப் போனது

மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் ஷிஹாம் சேரை அறியாதவர் இல்லை, பார்த்தவர்கள்தான் குறைவு. பதினொரு வருடங்களாக அவர் மாலைதீவில், ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். அந்தத் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து முடிக்கப் பதினேழு நிமிடம். அவரே மணிக்கூடு பிடித்துப் பார்த்தது. அதற்கு முன் பக்கத்து ஊரான யட்டவத்தயில் நான்கு வருடம், நிரந்தர நியமனமில்லாத தொண்டர் ஆசிரியராக இருந்தார். தொண்டர் என்ற சொல்லுக்கு உரிய முழு மரியாதையையும் கொடுத்து, மேலிடம் அவரைக் கடைசி நாள் வரை தொண்டராகவே வைத்திருந்தது. மகள் ஆதிபாவுக்கு இரண்டு வயது முடிந்த வாரத்தில் விமானம் ஏறினார். இப்போது அவளுக்குப் பதிமூன்று.

தகப்பன் என்ற வகையில் சேருக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல். அங்கே அவர் கட்டிலில். இங்கே மாசிக் கருவாட்டுப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆதிபா. பின்னம், சமன்பாடு, வகுப்புச் சண்டை, விஞ்ஞான டீச்சர் நடக்கிற நடை, எல்லாம் அதில் வரும்.

"வாப்போவ்! நீங்க சொன்ன விடை பிழை. புத்தகத்துல வேற போட்டிருக்கு."

"அப்ப புத்தகம்தான் பிழை."

"அப்படியே டீச்சர்கிட்ட சொல்றேன். அடி விழுந்தா உங்க கணக்குல."

இப்படிப் பதினொரு வருடம், மகளை நெஞ்சுக்கு மேலே மட்டும் வளர்த்தார். அவளுக்குக் கால் எவ்வளவு நீண்டுவிட்டது என்பது லீவில் வரும்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

இந்த முறை பதினாறு நாள் லீவு. மாத்தளை டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் அவரை வரச்சொல்லிக் கேட்டிருந்தது. தீவுப் பள்ளிக்கூடமோ, ஒப்பந்தத்தை நீடிக்கிறீர்களா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றது. சேர் ஆழமாக ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஆதிபாவின் வாயிலிருந்து 'போகாதீங்க வாப்பா' என்று ஒரே ஒரு தரம் வந்தால் போதும், இங்கேயே நின்றுவிடுவது. இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. மகளிடம் கேட்கவும் இல்லை. எடுத்துக்கொடுத்து வாங்குகிற விடைக்குப் புள்ளி கிடையாது என்பது அவருடைய பதினைந்து வருடக் கொள்கை.

வீட்டில் வரவேற்புக்குக் குறை சொல்ல முடியாது. தங்கக் கோடு போட்ட கோப்பையில் அவருக்கு மட்டும் தேத்தண்ணி. தலை துவட்ட மடிப்புக் கலையாத புதுத் துவாய். மூன்று வேளையும் கோழி. ஐந்தாம் நாள் அவர் வெட்கத்தை விட்டுப் பருப்புக் கேட்டார். "சும்மா இருங்க, உங்களுக்குப் போய்ப் பருப்பா?" என்று மனைவி றஹீமா இன்னொரு கோழித் துண்டை வைத்தாள். ஆதிபா வீட்டுக்குள்ளேயே வெளியில் போகிற உடுப்போடு நடந்தாள். அவர் கதிரையில் வந்து உட்கார்ந்தால் எழுந்து நின்றாள். "வாப்பா, நான் உள்ள போகட்டா?" என்று அனுமதி கேட்டுப் போனாள். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று சேர் முதல் நாள் பூரித்தார். ஆறாம் நாள் அந்தப் பூரிப்பு எங்கேயோ இறங்கிவிட்டது.

மிச்ச நம்பிக்கை திருகோணமலையில். வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போவதென்று மாலைதீவிலிருந்தே அறை பதிவு செய்திருந்தார்.

"பதினொரு வருஷமா கடலுக்கு நடுவுல கிடக்கிற மனுஷன், லீவுல வந்தும் கடல்தான் பார்க்கணுமாம்," என்றாள் றஹீமா தன் தம்பி ஸப்ரியிடம்.

"மச்சானுக்கு மலையைக் கண்டா தலை சுத்தும் போல," என்றான் ஸப்ரி. அலுவிகாரையில் மிளகு, கறுவா விற்கிற கடை அவனுக்கு. வேனும் அவனுடையது.

வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். ஸப்ரிக்குப் பக்கத்தில் முன் ஆசனத்தில் ஆதிபா. பின்னால் சேரும் றஹீமாவும். முன்னால் ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து சேர் "என்ன மகள்?" என்று கேட்டால், சிரிப்பு உடனே நின்று, "ஒண்ணுமில்ல வாப்பா" என்று பணிவான பதில் வரும். நாவுல தாண்டும்போது தெருவோரம் பிள்ளைகள் வெள்ளை யூனிஃபார்மோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"இன்னைக்கு என்ன, இந்தப் பிள்ளைகளுக்கு லீவு இல்லியா?" என்றார் சேர்.

ஸப்ரி ஒரு தரம் இருமினான்.

அப்போதுதான் உறைத்தது. மாலைதீவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பதினொரு வருடம் அந்தக் கணக்கில் வாழ்ந்தவர், அதே கணக்கில் அறையையும் போட்டுவிட்டார். இலங்கையில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பது ஒரு ஆசிரியருக்கு மறந்துபோயிருந்தது.

"மகள், உனக்கும் ஸ்கூல்தானே இன்னைக்கு? ஏன் சொல்லல்ல?"

"பரவால்ல வாப்பா," என்றாள் ஆதிபா, முகத்தைத் திருப்பாமல்.

தன் பிழையைத் தானே கண்டுபிடித்த ஆசிரியர் எப்படி இருப்பாரோ அப்படியே கந்தளாய் வரை இருந்தார். அங்கே இறங்கி, சட்டியோடு தயிர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தெளிந்தார்.

அன்று பின்னேரம் கடற்கரை. சேர் இந்த நேரத்துக்காகவே ஒரு பாடம் தயாரித்து வந்திருந்தார். கடலில் வற்று ஏன், பெருக்கு ஏன், நிலவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று மணலில் படம் கீறி விளக்கினார்.

"விளங்கிச்சா மகள்?"

"விளங்கிச்சு வாப்பா."

"சந்தேகம் ஏதும் இருக்கா?"

"இல்ல வாப்பா."

நடுவில் ஸப்ரி ஓடி வந்து, அவளுடைய செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தான். "மாமா! பைத்தியமா உங்களுக்கு! புதுச் செருப்பு!" என்று கத்திக்கொண்டே ஆதிபா துரத்தினாள். நிலவையும் பூமியையும் மிதித்துக்கொண்டு போனாள். இடுப்பு வரை நனைந்து, மாமனை மணலால் அடித்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். சேர் மற்றச் செருப்பைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு தகப்பனுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, எல்லோரும் எழும்பும் முன் சாப்பாடு வாங்கி வரலாமென்று அவர் தனியே கிளம்பினார். முச்சந்தியில் இரண்டு மான்கள் ஊர்க்காரர் மாதிரிக் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. கடை வாசலில் நின்று றஹீமாவின் போனுக்கு எடுத்தார். படம் இல்லாத வெறும் கோல்.

"யாருக்கு என்ன வேணும்? இடியப்பமா, ரொட்டியா?"

"வாப்போவ்!" என்றது போன். "எனக்கு இடியப்பம். உம்மா இன்னும் தூக்கம். மாமாவுக்கு ஒண்ணும் வாங்காதீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு இந்தப் பக்கம் குறட்டை. அவருக்கு இன்னைக்குப் பட்டினி."

சேர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பிள்ளை அதற்குள்தான் இருந்தாள். பத்து நாளாக வீட்டில் எழுந்து நின்று பதில் சொன்னது வேறு யாரோ.

பார்சலை வாங்கிக்கொண்டு, பேச்சை விடாமல், கடற்கரைப் பக்கம் நடந்தார்.

"நேத்து நாங்க தோத்துட்டோம் வாப்பா. றுக்ஸானா மெசேஜ் போட்டிருக்கா."

"என்னத்துல மகள்?"

"விவாதப் போட்டி. கடைசியாத் தொகுத்துப் பேசுறது நான்தான். நான் இல்லன்னு றுக்ஸானா ஏறி, பாதியில மறந்து, எல்லாருக்கும் சலாம் சொல்லிட்டு இறங்கிட்டாளாம்!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு முன்வரிசையில கதிரையும் சொல்லி வச்சிருந்தேன்."

சேருக்குக் கால் மணலில் நின்றுவிட்டது. "ஏன் மகள் வாப்பாகிட்ட சொல்லல்ல?"

"நீங்க ரூமெல்லாம் போட்டிருந்தீங்கதானே. வந்திருக்கிறவங்க மனசு நோகக் கூடாதுன்னு உம்மா சொன்னாங்க."

வந்திருக்கிறவங்க. பிள்ளை பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. வந்திருக்கிறவர்தான், போகிற திகதியும் டிக்கெட்டில் இருக்கிறது. சேர் தன் பதினைந்து வருடக் கொள்கையை அந்த மணலிலேயே போட்டார்.

"மகள், வாப்பா இனி இங்கேயே இருந்துட்டா எப்படி?"

"எங்க, ஹோட்டல்லயா?"

"இல்ல. நம்ம வீட்டுல. போகாம."

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்று வந்தது. பிறகு குரல் வந்தது. வீட்டில் எழுந்து நிற்கிற அதே குரல்.

"உங்க விருப்பம் வாப்பா."

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

"சும்மா கேட்டேன்," என்றார் சேர் அவசரமாக. "வாப்பா வாற புதன் போறேன்தானே."

"ஆஹ்!" என்று மூச்சு விட்டது போன். குரலுக்கு உயிர் திரும்பியது. "அப்ப போய்ச் சேர்ந்ததும் எடுங்க. றுக்ஸானா மேடையில நின்ன மாதிரியே செஞ்சு காட்டுறேன். சிரிச்சுச் செத்துருவீங்க."

"இப்ப ரூமுக்குத்தானே வாறேன். இப்பவே காட்டேன்."

"ஐயோ, நேர்லயா? வெக்கமா இருக்கு வாப்பா!"

சேர் தலையை நிமிர்த்தினார். பேசிப் பேசி அறைகளுக்கு நேரே கீழே வந்துவிட்டிருந்தார். மேலே பல்கனியில் ஆதிபா முதுகைக் காட்டி நின்று, ஒரு கையில் போனும் மறு கை காற்றிலுமாக, றுக்ஸானா எப்படி முழித்தாள் என்று சுவருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பினால் அவரைக் கண்டுவிடுவாள். கண்டால் கையைக் கீழே போட்டுவிடுவாள்.

இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. சேர் சத்தமில்லாமல் திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

"வாப்பா, இருக்கீங்களா? எங்க நிக்கிறீங்க?"

"தூரத்துலதான் மகள்," என்றார். "நீ சொல்லு."

மகளிடம் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார்.