பதினாலு நாளும் 98.4

எங்கள் தொழிலில் "நல்லா இருக்கேன்" என்ற பதிலைப் போல சந்தேகத்தைக் கிளப்புவது வேறெதுவும் கிடையாது. கையில் படிவத்தை வைத்துக்கொண்டு இந்த மதுரையில் யாரிடமாவது கேள்வி கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நான் ஒரு மருத்துவமனையில் மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளர். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஒரு புதிய தடுப்பூசி சிகிச்சை. அது குணப்படுத்துமா என்பதையெல்லாம் பிறகு பார்ப்பார்கள். இப்போதைக்குக் கேள்வி ஒன்றுதான்: போட்டால் கெடுதல் உண்டா? அதைக் கண்டுபிடிக்க நோயாளி வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல்.

எதைத் தடுக்க?

பெரியகருப்பன் ஐயா, காளவாசல் வழியாகத் திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து உட்கார்ந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். சந்தேகப்பட்டே பிழைத்த இரண்டு பேர் ஒரே மேஜையில்.

உடம்புக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன, அவை இந்தக் கட்டியை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகின்றன, ஊசி அதை அடையாளம் காட்டும் என்று எதிர்பார்க்கிறோம், உறுதி கிடையாது. இப்படிப் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தாயி, தடுப்பூசின்னா வர்றதுக்கு முன்னாடிதான போடுவாக. இதுதான் வந்து உக்காந்துருச்சே, இனி எதைத் தடுக்கப் போறீங்க?"

கேமரா

சம்மதம் வாங்குவதை வீடியோ எடுத்தாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம் என்பதைக்கூடக் கேமரா முன்னால்தான் சொல்வேன். பெரியகருப்பன் ஐயா சரியென்று தலையாட்டிவிட்டார். அவருக்குச் செய்ய வேண்டிய வைத்தியமெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள், மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

அவர் மனைவி பஞ்சவர்ணம் அம்மாதான் மசியவில்லை. ஒயர் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு கேமராவையே முறைத்தார். "இது அவர் பாதுகாப்புக்குத்தாம்மா" என்றேன். எனக்கே அது அசடு வழிவது போலத்தான் கேட்டது. அந்த அம்மா சொன்னது: "நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா, 'அவரே வாயால சொன்னாரு பாரு'ன்னு எங்களுக்கே போட்டுக் காட்டுறதுக்குத்தான இது?"

ரெண்டு இட்லி

முதல் ஊசி போட வந்த அன்று, படிவத்தில் இருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். "சாப்டீங்களா?" "ஆச்சு தாயி." "என்ன சாப்டீங்க?" "ரெண்டு இட்லி."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்கேனில் பார்த்த அந்தத் தொண்டையில் இட்லி இறங்க வழியே இல்லை. எடை வேறு போன தடவையைவிடக் குறைந்திருந்தது. ஒயர் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றியது ஊற்றியபடியே இருந்தது. ஏன் பொய் சொன்னார் என்று பஞ்சவர்ணம் அம்மாவிடம் சிடுசிடுத்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கேட்டா ஆச்சுன்னுதான சொல்லணும்? இல்லைன்னு சொன்னா நீங்க என்ன இலையா போடப் போறீங்க?"

பதினாலு நாளும்

ஊசி போட்டபின் வீட்டுக்கு ஒரு தர்மாமீட்டரும் நோட்டும் கொடுத்தனுப்புவோம். தினமும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். எப்படிப் பார்ப்பது, எவ்வளவு இருந்தால் சரி என்று எங்கள் அறையில் இருந்ததை வைத்துச் செய்து காட்டினேன். நடுவில் போனில் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல தாயி" என்றார். அப்போதே எனக்கு உறுத்தல்தான்.

பதினைந்தாம் நாள் நோட்டு வந்தது. பதினாலு நாளும் 98.4. பதினாலுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. தர்மாமீட்டர் டப்பாவைத் திறந்தேன். பேட்டரிக்கு நடுவில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டை இழுத்தால்தான் அது வேலை செய்யும். துண்டு அப்படியே இருந்தது. கோபத்தில் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சரியான நம்பரு அதுதான்னு நீங்கதான தாயி சொன்னீங்க?"

மாத்திரை அட்டை

அந்தச் சமயம் பஞ்சவர்ணம் அம்மா ஒயர் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கூடவே ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பத்தில் எட்டு மாத்திரைகள் இல்லை. நான் குனிவதற்குள் அவர் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "அது எனக்கு. தலைவலிக்கு."

அடுத்த ஆள்

இனி மிரட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. எங்கள் சோதனை நடக்கும் விதத்தை மறுபடி சொன்னேன். முதல் மூன்று பேருக்குக் குறைந்த அளவு மருந்து, ஐயா அதில் மூன்றாவது ஆள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்து வருகிறவருக்கு அளவைக் கூட்டுவோம். "உங்க 98.4ஐ நம்பித்தான்யா கூட்டப் போறோம்" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பிக் கதவைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் சோழவந்தான் பக்கத்து டிராயிங் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே நோய். வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். அடுத்த ஆள் யார் என்று நான் சொல்லவில்லை. கண்டக்டருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

"வாத்தியாருக்குக் கூட்டிராதீங்க" என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் தொடங்கிய குளிர்காய்ச்சல் நான்கு நாள் விடவில்லையாம். ஊசி போட்ட கையைத் தூக்க முடியவில்லையாம். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன் என்று பஞ்சவர்ணம் அம்மா முந்தானையை அவிழ்த்து அட்டையை மேஜைமேல் வைத்தார். சொன்னால் பேரை வெட்டிவிடுவோம், இருந்த ஒரு வழியும் போய்விடும் என்று இருவரும் பயந்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "டிக்கெட் எடுக்காதவன்தான் தாயி, கேக்குறதுக்கு முந்தியே எடுத்தாச்சும்பான். அம்புட்டு வருசம் அந்தப் பயலுகளப் புடிச்சுட்டு, நானும் அதையே செஞ்சுட்டேன்."

டிக்கெட்

சோதனைக்குப் பொறுப்பான டாக்டர் அன்றே மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். அளவு கூட்டுவது நின்றது. வாத்தியாருக்குக் குறைந்த அளவே போடச் சொல்லி வந்தது. பெரியகருப்பன் ஐயாவின் பேரை யாரும் வெட்டவில்லை. இரண்டாவது ஊசிக்கு நான்கு நாள் வார்டிலேயே வைத்துப் பார்த்தோம்.

அதற்கப்புறம் ஒரு நாள் வந்த ஐயா, நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தார். "சாப்பிடல தாயி. கஞ்சி அரை டம்ளரோட நின்னுருச்சு. முந்தாநாள் லேசா காய்ச்சல், நூறு இருந்துச்சு. எழுதிக்க." எழுதிக்கொண்டேன். வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "நீ சாப்டியா?" என்று கேட்டார். "ஆச்சுங்கய்யா" என்றேன். மணி மூன்று. மேஜை ஓரத்தில் என் டிபன் பாக்ஸ் காலையில் வைத்தபடியே மூடியிருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்: "எங்க, டிக்கெட்டக் காட்டு."

இந்த ஊரில் "இல்லை, சாப்பிடவில்லை" என்று சொல்கிறவர்களை மட்டும்தான் இப்போதெல்லாம் நம்புகிறேன், அப்படிப் பார்த்தால் என்னையே நம்ப முடியவில்லை என்பதுதான் கஷ்டம்.