மெத்தை விரித்த கார்

முற்றத்தில் என் மகன் பழைய நீளக் கார் ஒன்றை உயர்த்தி, கரிசல் காட்டில் ஓட்டப் பெரிய டயர் மாட்டுகிறான். புது டயர் வாசனை என்னைப் பெற்ற அய்யாவின் காலத்துக்கு என்னைக் கொண்டுபோகிறது.

அம்மாவை இரண்டாவது பிரசவத்துக்கு ஏற்றிப்போன மாட்டுவண்டி மழையில், கரிசல் சேற்றில் புதைந்தது. அம்மா வழியிலேயே போய்விட்டாள். அதன்பிறகுதான் அய்யா பின்பக்கம் நீண்ட பழைய கார் வாங்கி, சேறு அடைக்காமலிருக்க மட்கார்டை வெட்டி, ஜீப் டயர் மாட்டினார். பின்னால் மெத்தை விரித்தார்.

"என்ன அண்ணாச்சி, காருக்கு ஒட்டகக் காலா?" என்று ஊர் சிரித்தது.

அடுத்த மழையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அய்யாவின் கார் எங்கேயும் சிக்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து, "யாருக்கு வலி?" என்றாள்.

"யாருக்கும் இல்லம்மா. மழையில வந்து சேர முடியுதான்னு பாத்தேன்."

"ஒரு சுத்து வாரியாம்மா?" என்கிறான், டயர் மாட்டி முடித்த மகன்.

"பின்னால மெத்தை போடுலே, வாரேன்."